டயர் பிரஷர் சென்சார் மாற்றுவது: கடையிலா, நம் கையாலா, பாதிக்குப் பாதியா?

டேஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு வந்துவிட்டது. டயரைக் குறுக்கே வெட்டியது போன்ற படம், நடுவில் ஒரு ஆச்சரியக்குறி. நான்கு டயரிலும் காற்று பார்த்தாயிற்று, எல்லாம் சரியாகவே இருக்கிறது, விளக்கு மட்டும் போவதாக இல்லை. சர்வீஸ் சென்டரில் கேட்டால் நான்கு சென்சாரையும் மாற்றச் சொல்கிறார்கள். இணையத்தில் தேடினால் சென்சாரைப் புரோகிராம் செய்யும் கையடக்கக் கருவியும், எந்தக் காருக்கும் இன்னும் புரோகிராம் செய்யாத நான்கு வெற்று சென்சாரும் சேர்ந்தே அதைவிடக் குறைவாக வருகிறது. "நானே செய்துகொள்ளலாமா?" என்று எழுதிக் கேட்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புரோகிராம் செய்வதை நீங்களே செய்யுங்கள், டயரைக் கழற்றுவதைக் கடையில் விடுங்கள். ஆனால் இது எல்லோருக்கும் பொருந்தாது. உங்கள் கார் புது சென்சாரை எப்படி ஏற்றுக்கொள்ளும் என்பதைப் பொறுத்து இந்த முடிவு தலைகீழாகவும் மாறலாம். அதனால் கணக்கை விரித்தே காட்டுகிறேன்.

## முதலில், போனது சென்சார்தானா?

காரை ஸ்டார்ட் செய்ததும் விளக்கைக் கவனியுங்கள். எடுத்த எடுப்பிலேயே விடாமல் எரிந்தால் ஏதோ ஒரு டயரில் காற்று குறைவு. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் விட்டு விட்டு மின்னி, அதற்குப் பிறகு நிலையாக எரிந்தால் சிஸ்டத்தில் கோளாறு. அப்போதுதான் சென்சாரைச் சந்தேகப்பட வேண்டும்.

குளிரையும் கணக்கில் வையுங்கள். வெப்பநிலை ஐந்தாறு டிகிரி செல்சியஸ் இறங்கினால் டயரில் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். விடியற்காலையில் எரிந்து, கொஞ்ச தூரம் ஓடியதும் அணைந்துவிடுகிற விளக்குக்கு மருந்து காற்றுதான், சென்சார் இல்லை.

இன்னொன்றும் உண்டு. சில கார்களில் டயருக்குள் சென்சாரே கிடையாது. ஏபிஎஸ் பிரேக்குக்காக வைத்த வேக சென்சார்களைக் கொண்டே, எந்தச் சக்கரம் மற்றவற்றைவிட வேகமாகச் சுழல்கிறது என்று பார்த்துக் காற்று குறைந்ததைக் கண்டுபிடிப்பார்கள். காற்று குறைந்த டயரின் சுற்றளவு கொஞ்சம் சுருங்கும், அதனால் அது கூடுதலாகச் சுழலும். அவ்வளவுதான் சூட்சுமம். உங்கள் காரில் ஒவ்வொரு டயரின் பிரஷரும் தனித்தனியாக எண்ணில் தெரிந்தால் அநேகமாக உள்ளே சென்சார் உண்டு. வெறும் ரீசெட் பட்டன் மட்டும் இருந்தால் இல்லாமலும் இருக்கலாம், கையேட்டைப் பார்த்துவிடுங்கள். இந்த வகைக் காருக்குச் சென்சார் வாங்கிப் பெட்டியைப் பிரித்த பிறகு விஷயம் புரிந்தவர்களும் இருக்கிறார்கள்.

சென்சார் இருக்கிறது, அதுதான் போய்விட்டது என்றால் காரணம் பெரும்பாலும் பேட்டரி. வால்வின் அடியில், ரிம்முக்குள் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் நாணயம் போன்ற லித்தியம் பேட்டரியை வைத்துப் பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள். பேட்டரியை மட்டும் மாற்ற இடம் வைக்கவில்லை. 5 முதல் 10 வருடம் ஓடும், பிறகு சென்சாரையே மாற்ற வேண்டியதுதான்.

## இரண்டு வேலை, ஒரே பெயர்

குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. "சென்சாரைப் புரோகிராம் செய்வது" என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன.

ஒன்று, வெற்று சென்சாருக்கு உங்கள் காரின் பாஷையை ஏற்றுவது. எந்தக் கம்பெனி, எந்த மாடல், எந்த வருடம் என்று கருவியில் தேர்ந்தெடுத்துச் சென்சாரைப் பக்கத்தில் வைத்தால் சில நொடிகளில் ஏறிவிடும். டயரில் மாட்டுவதற்கு முன்பே, மேஜை மேல் வைத்துச் செய்யலாம்.

மற்றது, "இனிமேல் இந்த நான்கு பேர் சொல்வதைக் கேள்" என்று காருக்கு அறிமுகம் செய்து வைப்பது. ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு தனி ஐடி உண்டு, எண்ணும் எழுத்தும் கலந்து ஏழெட்டு இலக்கம். அந்த ஐடி காரின் நினைவில் இல்லையென்றால் சென்சார் எவ்வளவு கத்தினாலும் கார் காதில் வாங்காது. இதை ரீலேர்ன் என்கிறார்கள்.

முதல் வேலை எல்லாக் காருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டாவதுதான் காருக்குக் கார் மாறுகிறது. வழிகளை ஒப்பிடும்போது பார்க்க வேண்டியவையும் இதிலிருந்தே பிறக்கின்றன.

## எதை வைத்து முடிவெடுப்பது?

கார் எப்படிக் கற்றுக்கொள்கிறது? இதில் மூன்று ரகம். முதல் ரகத்துக்கு நாம் எதுவுமே செய்ய வேண்டாம். கால் மணி, இருபது நிமிடம் நிறுத்தி வைத்துவிட்டு, பிறகு அதே அளவு நேரம் மிதமான வேகத்தில் ஓட்டினால் தானாகவே புது ஐடிகளைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது ரகத்தில் காரைக் கற்றுக்கொள்ளும் நிலைக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு சக்கரமாகப் போய் சென்சாரை எழுப்ப வேண்டும். எழுப்புவது 125 கிலோஹெர்ட்ஸ் அலை அனுப்பும் ஒரு சின்னக் கருவி. முன் இடது, முன் வலது, பின் வலது, பின் இடது என்று வட்டமாக வருவது பல கார்களில் வழக்கம், ஒவ்வொன்றுக்கும் ஹார்ன் ஒருமுறை அடித்து "வாங்கிக்கொண்டேன்" என்று சொல்லும். மூன்றாவது ரகத்தில் ஓபிடி சாக்கெட்டில் (காரின் கம்ப்யூட்டரோடு பேச ஸ்டியரிங்குக்குக் கீழே வைத்திருக்கும் செருகுமிடம்) கருவியைச் செருகி ஐடிகளைக் காரின் கம்ப்யூட்டருக்குள்ளேயே எழுத வேண்டும். பல டொயோட்டா கார்கள் இந்த ரகம்.

டயர் எப்படியும் கழலப்போகிறதா? இன்னும் சில மாதங்களில் புது டயர் போடப் போகிறீர்கள் என்றால் கணக்கே வேறு. சென்சார் மாற்றுவதில் முக்கால்வாசி உழைப்பு டயரை ரிம்மிலிருந்து பிரிப்பதில்தான். அது ஏற்கெனவே பிரிந்து கிடக்கும்போது சென்சாரை மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகாது.

எத்தனை தடவை செய்யப்போகிறீர்கள்? ஒரு கார், ஒரே ஒரு முறை என்றால் கருவி வாங்குவது வீண். வீட்டில் இரண்டு மூன்று கார், அல்லது பனிக்காலத்துக்குத் தனியாக இன்னொரு செட் சக்கரம் என்றால் கருவி இரண்டாவது தடவையிலேயே தன் காசைத் திருப்பித் தந்துவிடும்.

தப்பினால் என்ன ஆகும்? மேஜையில் தப்பினால் திரும்பச் செய்யலாம். டயருக்குள் போன பிறகு தப்பு தெரிந்தால் மறுபடி டயரைக் கழற்ற வேண்டும்.

## வழி ஒன்று: எல்லாமே கடையில்

இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம், சரியாக வரவில்லை என்றால் அவர்கள் பாடு. ஓபிடி வழியாக எழுதியே ஆக வேண்டிய கார், வாரன்டி இன்னும் முடியாத கார், கருவிகளோடு மல்லுக்கட்டப் பிடிக்காத மனிதர் என்றால் இதுவே சரி.

மறைந்திருக்கும் செலவு எங்கே என்றால், ஒரு சென்சார் போனதற்கு ஒன்றை மட்டும் மாற்றித் தரும் கடைகளும் உண்டு. ஐந்து மாதம் கழித்து அடுத்தது போகும். மறுபடி டயர் கழற்றக் கூலி, பேலன்சிங் கூலி, ரீலேர்ன் கூலி. கம்பெனியில் வைத்த நான்கும் ஒரே சமயத்தில் வேலைக்கு வந்தவை, ஓய்வு பெறுவதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான். அதனால் எட்டு வருடக் காரில் நான்கையும் மாற்றுங்கள் என்று கடையில் சொன்னால் அதை உடனே ஏமாற்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று வருடக் காரில் சொன்னால் காரணம் கேளுங்கள்.

## வழி இரண்டு: கருவி நம் கையில், டயர் கடைக்காரர் கையில்

எனக்குப் பிடித்தது இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சென்சாரும் கருவியும் வாங்குவது, பாஷை ஏற்றுவது, ஒவ்வொன்றும் உயிரோடு இருக்கிறதா என்று சோதிப்பது, ஐடியைக் குறித்துவைப்பது எல்லாம் வீட்டில். டயரைப் பிரித்துச் சென்சாரை மாட்டிப் பேலன்ஸ் செய்வது கடையில். காருக்கு அறிமுகம் செய்வது மறுபடி நம்மிடம். கடைக்காரருக்கு இது வால்வு மாற்றும் வேலை போலத்தான், அவருக்குப் பழக்கப்பட்ட இயந்திரம். நமக்கும் அதில் ரிஸ்க் இல்லை.

கருவி வாங்கும்போது ஒரு விஷயத்தைப் பாருங்கள். வெறுமனே சென்சாரை எழுப்ப மட்டும் தெரிந்த சின்னக் கருவிகள் உண்டு. அவை இரண்டாவது ரகக் காருக்குப் போதும், வெற்று சென்சாருக்குப் பாஷை ஏற்ற முடியாது. எழுப்பவும், படிக்கவும், ஏற்றவும், ஓபிடியில் எழுதவும் தெரிந்த கருவி பெரியது. ஆட்டெல் போன்ற கம்பெனிகளின் கருவிகள் அவரவர் வெற்று சென்சாரில் மட்டுமே எழுதும், வேறு பிராண்டு சென்சாரை வாங்கி வைத்துக்கொண்டு முழிக்காதீர்கள். வருடம் கழித்து வரும் புது மாடல் கார்களுக்கு அப்டேட் வேண்டும், சில கருவிகளில் அதற்குச் சந்தா உண்டு. பெட்டியின் மேல் இதைப் பெரிய எழுத்தில் போட்டிருக்க மாட்டார்கள்.

பாஷை ஏற்றும்போது ஒரு சென்சாரை மட்டும் கருவி அருகில் வையுங்கள், மற்ற மூன்றையும் அடுத்த அறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். பக்கத்தில் இருந்தால் கருவி எதைத் தொட்டது என்று உங்களுக்கும் தெரியாது, கருவிக்கும் தெரியாது.

பழைய சென்சார் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் ஒரு குறுக்குவழி இருக்கிறது. சக்கரம் காரில் இருக்கும்போதே கருவியால் அதன் ஐடியைப் படித்து, அதே ஐடியைப் புது சென்சாருக்குப் போட்டுவிடலாம். ஆள் மாறியதே காருக்குத் தெரியாது, ரீலேர்ன் தேவையே இல்லை. ஓபிடி ரகக் காருக்கும் இரண்டாவது செட் சக்கரத்துக்கும் இது கைகண்ட வழி. பேட்டரி முழுவதும் செத்துவிட்டால்? காரின் கம்ப்யூட்டரில் பதிந்திருக்கும் ஐடிகளை நல்ல கருவிகள் ஓபிடி வழியாகப் படித்துவிடும். அதுவும் இல்லையென்றால் டயரைப் பிரித்த பிறகு பழைய சென்சாரின் முதுகில் அச்சடித்திருப்பதைப் பார்த்து எழுத வேண்டும்.

அந்த அச்சு விஷயத்தில் நான் ஒருமுறை நன்றாக மாட்டினேன். நான்கு புது சென்சாரின் ஐடியையும் கண்ணால் பார்த்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, சென்சார்களைக் கடையில் மாட்டி, வீட்டுக்கு வந்து ஓபிடியில் தட்டச்சு செய்தேன். மூன்று டயர் காட்டியது, பின் வலது மட்டும் கோடு கோடாக நின்றது. ஐடியில் 0 முதல் 9 வரையும், ஆங்கில எழுத்து ஏ முதல் எஃப் வரையும் வரும். அந்தப் பொடி அச்சில் 8-க்கும் 'பி'க்கும் ஒரு கோடுதான் வித்தியாசம். டயரை மறுபடி கழற்ற வேண்டியதுதான் என்று முடிவு செய்து ஜாக்கை எடுத்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, கருவி கையில் இருக்கிறதே! சக்கரத்தின் பக்கத்தில் மண்டியிட்டு, வால்வை ஒட்டி டயரின் பக்கவாட்டில் கருவியை வைத்து ஒரு பட்டன். திரையில் உண்மையான ஐடி வந்தது. நான் 'பி' என்று எழுதியது 8. அன்றிலிருந்து கண்ணால் படிப்பதில்லை, கருவியால் படித்து, கூடவே போட்டோவும் எடுத்துவிடுகிறேன்.

கடைக்குக் கொண்டுபோகும்போது ஒவ்வொரு சென்சாரையும் தனிக் கவரில் போட்டு, எந்தச் சக்கரத்துக்கு என்று எழுதிவிடுங்கள். நாம் கொண்டுவரும் சென்சாரை மாட்டச் சில கடைகள் தயங்குவார்கள், முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது. டயர் பிரிப்பவரிடம் "வால்வில் சென்சார் இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். டயரின் ஓரத்தை அழுத்தி இறக்கும் தகடு அந்தப் பக்கம் விழுந்தால் ஒரு சத்தம், அதோடு சென்சார் இரண்டு துண்டு.

## வழி மூன்று: ரிம்மிலிருந்து எல்லாமே நாமே

முடியும். நான் ஒரு தடவை செய்தேன், அடுத்த தடவை செய்யவில்லை.

டயரை முழுவதும் கழற்றத் தேவையில்லை என்பதுதான் இதன் கவர்ச்சி. காற்றை இறக்கி, வெளிப்பக்க ஓரத்தை மட்டும் ரிம்மின் விளிம்பிலிருந்து கீழே தள்ளி, இடைவெளியில் கையை விட்டுப் பழையதை எடுத்துப் புதியதை மாட்டலாம். டயரின் ஓரத்துக்குள் எஃகுக் கம்பி ஓடுகிறது, அது ரிம்மோடு வருடக்கணக்காக ஒட்டிப்போய் இருக்கும். காலால் மிதித்தால் அசையாது. அதற்கென்று இருக்கும் கை நெம்புகோல் வேண்டும், நிறைய சோப்புத் தண்ணீர் வேண்டும், ஒரு கை டயரை அழுத்திப் பிடித்திருக்க இன்னொரு கை உள்ளே வேலை செய்ய வேண்டும். நட்டைப் போடும் நேரத்தில் டயர் நழுவினால் விரல் போய்விடும், மரக்கட்டை ஒன்றை இடையில் கொடுத்துவிட்டுக் கையை விடுங்கள்.

உலோக வால்வின் நட்டை 4 முதல் 8 நியூட்டன் மீட்டர் அளவில்தான் முடுக்கச் சொல்வார்கள், சரியான எண் சென்சாரின் தாளில் இருக்கும். சக்கர நட்டு முடுக்கும் ஸ்பேனர் பழக்கத்தில் இழுத்தால் வால்வு முறியும். அந்த அளவுக்குச் சின்ன டார்க் ரெஞ்ச் தனியாக வேண்டும், இதுவும் மறைந்திருக்கும் செலவுதான். பழைய ரப்பர் வளையத்தையே மறுபடி போடாதீர்கள். அலுமினிய வால்வுக்குள் திருகும் சின்னப் பின் நிக்கல் முலாம் பூசியதாக இருக்க வேண்டும். சாதாரண பித்தளைப் பின்னைப் போட்டால் இரண்டு உலோகமும் ஈரத்தில் அரித்துக்கொண்டு ஒன்றோடொன்று இறுகிவிடும், காற்று பிடிக்கப் போகும் ஒரு நாளில் வால்வே கையோடு வந்துவிடும். அலங்கார உலோக மூடியும் அப்படியே இறுகும், பிளாஸ்டிக் மூடி போதும்.

டயரைத் திரும்ப உட்காரவைக்கக் கம்ப்ரஸர் வேண்டும். "டப்" என்று ஓரம் உட்காரும் வரை காற்று ஏற்ற வேண்டும், 40 பிஎஸ்ஐ தாண்டியும் உட்காரவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஏற்றிப் பார்த்து, டயர் வெடித்துக் கை போனவர்கள் இருக்கிறார்கள். எல்லாம் முடிந்த பிறகும் பேலன்சிங் பாக்கி இருக்கும். புது சென்சார் பழையதன் எடையிலேயே இருந்தால் அதிர்வு தெரியாமல் போகலாம், தெரிந்தால் கடைக்குப் போகத்தான் வேண்டும். அங்கே போய் நிற்கும்போது, முதலிலேயே வந்திருக்கலாமே என்று தோன்றும்.

ரன்ஃபிளாட் டயர் (காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் கெட்டியான டயர்), பக்கவாட்டு உயரம் குறைந்த டயர் இரண்டுக்கும் இந்த வழியை நினைக்கவே வேண்டாம். சில பழைய கார்களில் சென்சார் வால்வில் இல்லாமல், ரிம்மைச் சுற்றிக் கட்டிய உலோகப் பட்டையில் இருக்கும். அதற்கும் இந்தக் கதை சரிவராது. கடை வெகு தூரத்தில், டயர் கருவிகள் ஏற்கெனவே கையில், இந்த வேலையில் ஒரு சுகம் கண்டவர் நீங்கள் என்றால் மட்டும் தாராளமாக இறங்குங்கள்.

## வழி நான்கு: வெளியே மாட்டும் மூடி சென்சார்

வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகும் சென்சார், டேஷ்போர்டில் ஒட்டும் தனித் திரை. டயரைத் தொடவே வேண்டாம், பேட்டரியும் பலவற்றில் மாற்றலாம். கம்பெனி சென்சாரே இல்லாத பழைய காருக்கு இதுதான் சரியான பதில்.

ஆனால் டேஷ்போர்டின் மஞ்சள் விளக்கை இது அணைக்காது. காருக்கு இவர்களைத் தெரியாது. வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் கல் அடிக்கும், திருடும் போகும். ரப்பர் வால்வில் மாட்டினால் அந்தக் கூடுதல் எடை வேகத்தில் வால்வை வளைத்துக்கொண்டே இருக்கும், அதனால் உலோக வால்வாக இருந்தால்தான் எனக்கு நிம்மதி.

## ஒரே பார்வையில்

| | கடையில் | பாதிக்குப் பாதி | எல்லாம் நாமே | மூடி சென்சார் |
|---|---|---|---|---|
| கருவி | வேண்டாம் | புரோகிராம் கருவி | அதோடு நெம்புகோல், டார்க் ரெஞ்ச், கம்ப்ரஸர் | வேண்டாம் |
| மறைவான செலவு | ஒவ்வொன்றாகப் போகும்போது திரும்பத் திரும்பக் கூலி | அப்டேட் சந்தா | பேலன்சிங், உடைந்தால் இன்னொரு சென்சார் | திருட்டு |
| விளக்கு அணையுமா | அணையும் | அணையும் | அணையும் | அணையாது |
| யாருக்கு | ஒரு கார், ஒரு முறை | இரண்டு கார் அல்லது இரண்டு செட் சக்கரம் | டயர் வேலை தெரிந்தவர் | சென்சாரே இல்லாத கார் |

## எந்த சென்சாரை வாங்குவது?

கார் கம்பெனியின் அசல் சென்சார் விலை அதிகம், ஆனால் பாஷை ஏற்ற வேண்டியதில்லை. கார் தானாகக் கற்றுக்கொள்ளும் ரகம் என்றால் அசலை வாங்கி மாட்டி ஓட்டிவிடலாம், கருவியே வேண்டாம். முதலில் சொன்ன "தலைகீழ்" இதுதான்: அப்படிப்பட்ட காருக்குக் கருவியும் வெற்று சென்சாரும் வாங்குவதைவிட இதுவே மலிவாக முடியலாம். ஒரு குறிப்பிட்ட மாடலுக்கென்றே ஏற்றி வரும் மாற்று சென்சார்களும் அதே கணக்குதான். வெற்று சென்சார் கருவி வைத்திருப்பவருக்கு.

பழைய காரிலிருந்து கழற்றிய சென்சாரை யாராவது மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள். அதன் பேட்டரியில் எத்தனை நாள் மிச்சம் என்று விற்பவருக்கே தெரியாது, நமக்கு டயர் கழற்றும் கூலி மட்டும் நிச்சயம்.

எதை வாங்கினாலும் அலைவரிசையைப் பாருங்கள். பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ், 433 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டு. ஒரே மாடல் கார் ஒரு நாட்டில் ஒன்றிலும் இன்னொரு நாட்டில் மற்றதிலும் பேசும். வருடம் மாறும்போதும் மாறியதுண்டு. தவறான அலைவரிசையில் இருக்கும் சென்சாரை மேஜையில் கருவி நன்றாகவே படிக்கும், டயருக்குள் போன பிறகு கார்தான் கேட்காது. மாடல் பெயரை நம்பாமல், கழற்றிய பழைய சென்சாரில் இருக்கும் எண்ணையோ கார் கம்பெனியின் பார்ட் நம்பரையோ வைத்து வாங்குங்கள்.

ஸ்டெப்னியையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். சில கார்களில் அதற்குள்ளும் ஒரு சென்சார் இருக்கும், அதுவும் அதே வயதுதான். நான்கையும் மாற்றி முடித்த பிறகும் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் டிக்கியைத் திறங்கள்.